ஊசி போட்ட பிறகு அந்த ஊசி எங்கே போகிறது?



கர்ப்பகால உணவு, தாய்ப்பால், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளி என்றெல்லாம் நாம் பேசுவது வழக்கம். இந்தத் தடவை குப்பையைப் பற்றிப் பேசப் போகிறோம். "குடும்ப நலத்துக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணவன் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன், சம்பந்தம் தெரியும்.

உத்திரமேரூர் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய கிராமம் அது. பெயர் வேண்டாம். அங்கே தூய்மைக் காவலராக வேலை செய்யும் பெண்ணுக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். இரண்டு பிள்ளைகள். காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகக் குப்பை வாங்கி, கொட்டகையில் உட்கார்ந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பது அவர் வேலை. ஒரு நாள் ஒரு கேரி பேக்கைப் பிரிக்கும்போது உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது. வெங்காயத் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவே, சர்க்கரை நோய்க்காரர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி. மூடி இல்லை.

"முள்ளு குத்தின மாதிரிதான் மேடம் இருந்துச்சு. வாயில வச்சி உறிஞ்சித் துப்பிட்டு வேலையப் பாத்தேன்" என்றார் பிறகு என்னிடம். மறுநாள் இந்த விஷயம் கிராம சுகாதார செவிலியர் காதில் விழுந்தது. அவர்தான் கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, 28 நாளைக்கு மாத்திரை. ஆறு வாரம் கழித்து ஒரு பரிசோதனை, மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, "கடைசிப் பரிசோதனை முடிகிற வரைக்கும் நிரோத் உபயோகியுங்கள்" என்றார். மாத்திரை சாப்பிட்ட நாளெல்லாம் அந்தப் பெண்ணுக்குக் குமட்டல். கணவர் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "அவளுக்கு என்னமோ வியாதியாம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மாத்திரை தராங்களாம்" என்று. பிள்ளைகளைக்கூட விளையாடக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. குப்பையில் கிடந்த ஊசி குத்தி எச்.ஐ.வி. தொற்றுவது மிக அபூர்வம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சொல்லி என்ன? அந்த ஆறு மாதத் தூக்கத்தை யார் திருப்பித் தருவது?

ஊசியைப் போட்ட வீட்டார் கெட்டவர்கள் அல்ல. பெரியவருக்குச் சர்க்கரை, மருமகள் பொறுப்பாக வேளை தவறாமல் ஊசி போடுகிறவர். "தூக்கிப் போடுற சாமான்தானே மேடம், குப்பையிலதானே போடணும்?" என்று என்னையே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஊசி எப்படிப் போடுவது, தோலை எப்படிப் பிடிப்பது, மருந்தை எங்கே குளிர்ச்சியாக வைப்பது என்று எத்தனையோ கூட்டத்தில் பாடம் நடத்தியிருக்கிறேன். போட்ட பிறகு அந்த ஊசியை என்ன செய்வது என்று ஒரு கூட்டத்திலும் நான் சொன்னதில்லை.

நூறில் பதினைந்து

ஆஸ்பத்திரிக் குப்பை என்றதும் எல்லாமே விஷம் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவமனைக் கழிவில் 100-க்கு 85 பங்கு நம் வீட்டுக் குப்பை மாதிரிதான்: காகிதம், அட்டை, சாப்பாட்டு மீதி, பழத்தோல். மீதி 15 பங்கில்தான் அபாயம். ரத்தம் தோய்ந்த பஞ்சு, ஊசி, பிளேடு, அறுத்தெடுத்த சதை, கெட்டுப்போன மருந்து, ரசாயனம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அந்தப் பதினைந்தை எண்பத்தைந்தோடு கலந்துவிட்டால் நூறும் அபாயமாகிவிடும். ஒரு குடம் பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்த கதைதான். ஆகவே பிரிப்பது என்பது குப்பை விழுகிற இடத்திலேயே, விழுகிற நிமிஷத்திலேயே நடக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு நிறத்தில் பையும் டப்பாவும் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி வைத்தது. ரத்தம் பட்ட பஞ்சு, சதைத் துண்டு, காலாவதியான மருந்து மஞ்சளில். குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூரான சாமான்கள் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் இவற்றை நிலையத்தில் தேக்கி வைக்கக் கூடாது. வண்டி வந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப் போகும். செங்கல்பட்டு மாவட்டத்தில் தென்மேல்பாக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. மஞ்சள் பையில் உள்ளவை 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எரிகின்றன. சிவப்புப் பை சாமான்கள் நீராவியில் வெந்து, துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, பிளாஸ்டிக் உருக்குகிற இடத்துக்குப் போகின்றன.

அதைத்தான் நாம் வீட்டுக் கொல்லையில் தீக்குச்சி கிழித்துச் செய்து பார்க்கிறோம். அந்தத் தீக்கு அவ்வளவு சூடு கிடையாது. அரைகுறையாக வெந்த பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். ஊசி உருகாது; சாம்பலில் கிடந்து அடுத்த ஆள் காலில் ஏறும்.

பிரசவத்துக்கு வருகிற குடும்பங்களில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். குழந்தை பிறந்ததும் பாட்டி வந்து, "நச்சுக்கொடியக் குடுங்கம்மா, ஊட்டாண்ட பொதைக்கணும். நாய் தூக்கிட்டுப் போனா கொழந்தைக்கு ஆவாது" என்று நிற்பார். பாட்டியின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தது சரியான சுகாதார முறைதான். இன்றைய விதியும் அதே காரியத்துக்காகத்தான். இப்போது நம் மாநிலத்தில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. நச்சுக்கொடி மஞ்சள் பையில் போகும், நாய் தொடாது. பாட்டிக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியவர் நர்ஸ் அல்ல, மகனும் மருமகளும்தான். முன்கூட்டியே, வளைகாப்பு சமயத்திலேயே பேசி வையுங்கள்.

கொதிக்க வைத்த ஊசியும் தூக்கிப் போடும் ஊசியும்

எனக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது, கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார். அந்தத் தண்ணீர் தளதளக்கிற சத்தத்துக்கே நான் அழ ஆரம்பித்துவிடுவேன். ஒழுங்காக இருபது நிமிஷம் கொதித்தால் பரவாயில்லை. கூட்டம் அதிகமானால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள்.

1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற இளம் டாக்டர் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அதற்குப் பிறகு ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்சு ஊரெல்லாம் பரவியது. 2005-இலிருந்து குழந்தைகளின் தடுப்பூசிக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு வந்தது. ஒரு தடவை அழுத்தினால் அவ்வளவுதான், மறுபடி மருந்தை இழுக்க முடியாது. உயிரைக் காப்பாற்றிய மாற்றம் இது. ஆனால் கண்ணாடி சிரிஞ்சுக்குக் குப்பை கிடையாது, பிளாஸ்டிக் சிரிஞ்சு முழுக்கக் குப்பை. இப்போது உலகத்தில் ஒரு வருஷத்தில் போடும் ஊசி சுமார் 1,600 கோடி.

"அப்படியென்றால் குப்பையைக் குறைக்க ஒரே சிரிஞ்சை இரண்டு பேருக்குப் போடலாமா?" கூடவே கூடாது. 2009-ஆம் ஆண்டு குஜராத்தில் மோடாசா என்ற ஊரில் என்ன நடந்தது தெரியுமா? போட்ட சிரிஞ்சையே மறுபடி போட்டதால் பி வகைக் காமாலை கொள்ளை நோயாகப் பரவி, பல பத்து பேர் செத்துப் போனார்கள். குப்பையில் பொறுக்கிய சிரிஞ்சு கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்த சங்கதியும் அப்போது வெளியானது. ஊசியை வெட்டாமல் முழுசாகக் குப்பையில் போட்டால், அது திரும்பி உங்கள் பிள்ளையின் கைக்கே வரலாம். தடுப்பூசி போட்டதும் நர்ஸ் ஒரு சின்னக் கருவியில் அடியோடு கடக்கென்று வெட்டுகிறாரே, அது இதற்காகத்தான். தனியார் கிளினிக்குக்குப் போனாலும், உறை பிரிப்பதையும் போட்ட ஊசியை வெட்டுவதையும் உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கேட்டு வாங்குகிற ஊசி

ஒரே ஊசியை இரண்டு பேருக்குப் போடக் கூடாது, சரி. ஊசியே வேண்டாத இடத்தில் ஊசி போடாமல் இருக்கலாம் அல்லவா? குப்பையைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் என்று போனால், "டாக்டர், ஒரு ஊசி போட்ருங்க, நாளைக்கி நடவு இருக்குது" என்று கேட்டு வாங்குவது. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று பேர் வைத்துவிடுவோம். நாட்டில் 2004-ஐ ஒட்டி நடத்திய ஒரு பெரிய ஆய்வில், வருஷத்துக்கு 300 கோடியிலிருந்து 600 கோடி ஊசி போடுகிறார்கள், அதில் 100-க்கு 63 பாதுகாப்பான முறையில் போடப்படவில்லை என்று தெரிந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு மாத்திரை செய்கிற வேலையைத்தான் ஊசியும் செய்கிறது. சற்று முந்திக் கேட்கலாம், அவ்வளவே. வாய்வழி மருந்து போதுமா என்று டாக்டரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். பல டாக்டர்கள் சந்தோஷப்படுவார்கள்; நாம் கோபித்துக்கொள்வோம் என்ற பயத்தில்தான் ஊசி போடுகிறவர்களும் உண்டு.

குளுக்கோஸ் பாட்டிலும் அப்படித்தான். "உடம்பு அசதியா இருக்குது, ஒரு பாட்டில் ஏத்துங்க." ஒரு பாட்டில் ஏற்றினால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு நீளக் குழாய், ஒரு ஊசி, பஞ்சு, பிளாஸ்திரி, கையுறை மிஞ்சும். உடம்புக்குள் போனதோ உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்.

1971-இல் வங்கதேச யுத்தத்தின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லையோரம் பங்கான் என்ற ஊர் முகாமில் காலரா. நரம்பில் ஏற்ற வேண்டிய பாட்டில்கள் தீர்ந்து போயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பையும் சமையல் சோடாவையும் குளுக்கோஸையும் அளந்து பொட்டலம் கட்டச் சொல்லி, பெரிய டிரம்மில் கரைத்து வைத்தார். தாய்மாரும் உறவினரும் டம்ளரில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் சாவு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது. ஊசி இல்லை, குழாய் இல்லை. நம் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வாரிசுதான். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் இதோடு துத்தநாக மாத்திரை 14 நாள். தண்ணீர் குடிக்க முடியாத அளவு வாந்தி, குழி விழுந்த கண், சோர்ந்து தலை தொங்குதல், சிறுநீர் இறங்காமை, இவற்றில் எதைக் கண்டாலும் பாட்டில் ஏற்ற வேண்டியிருக்கலாம். அப்போது "குப்பை சேரும்" என்று யோசிக்காதீர்கள், உடனே ஓடுங்கள்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி

மருத்துவமனைகள் தம் பங்குக்கு என்ன செய்யலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உலகம் வந்து பார்க்கிற உதாரணம் ஒன்று இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதன் முகாமுக்குப் போய்ப் புரை எடுத்து வந்திருக்கலாம்.

வெளிநாடுகளில் ஒரு புரை அறுவை முடிந்தால் விரித்த துணியிலிருந்து கத்தி வரை பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும். அரவிந்தில் துணிகளையும் அங்கிகளையும் துவைத்து நீராவியில் கிருமி நீக்கி மறுபடி உபயோகிக்கிறார்கள். கருவிகளும் அதே மாதிரி ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் நீராவிக்குப் போய் வருகின்றன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அங்கே எடை போட்டுப் பார்த்தது. ஒரு அறுவைக்கு சுமார் 250 கிராம் கழிவு, அதாவது கால் கிலோ. அதே அறுவையால் காற்றில் கலக்கும் கரியமில வாயு பிரிட்டனில் ஆவதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

"சிக்கனம் பிடித்தால் சீழ் பிடிக்காதா?" என்பது நியாயமான கேள்வி. அங்கே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளைக் கணக்கெடுத்தார்கள். கண்ணுக்குள் மருந்து செலுத்தியவர்களில் கிருமித் தொற்று வந்தது 10,000 பேரில் 2 பேருக்கு. பணக்கார தேசங்களுக்குச் சமம், சில இடங்களைவிட நல்லது. கொதிநீராவி நன்றாக வேலை செய்தால் துணியும் கருவியும் புதுசுதான். இது பயிற்சி பெற்றவர்கள் கருவியோடும் கணக்கோடும் செய்வது. இதைப் படித்துவிட்டு வீட்டில் மாமியாரின் கண் சொட்டு மருந்தை எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் மருத்துவமனையில் 2018-இல் தேவையற்ற இடத்தில் கையுறை போடுவதை நிறுத்தி, கையை ஒழுங்காகக் கழுவச் சொன்னார்கள். ஒரே வருஷத்தில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சம். ஆகவே ரத்தம், புண் எதுவும் இல்லாத இடத்தில், குழந்தையை எடை போடுகிற நர்ஸ் கையுறை இல்லாமல் தொட்டால் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். அவர் கை கழுவினாரா என்று பாருங்கள்.

அலமாரியில் தூங்கும் மாத்திரை

நம் அரசு 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தியது. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு மருந்து என்று பாஸ் புத்தகம் போட்டு, கிடங்கிலிருந்து தேவைக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளச் செய்தது. தேங்கிக் காலாவதியாகிக் குப்பைக்குப் போவது அதனால் குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரி அலமாரியில் குறைந்தது வீட்டு அலமாரியில் ஏறிவிட்டது என்றே தோன்றுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நான் போன ஒரு வீட்டில் பெரியவர் ஒரு மஞ்சப் பை நிறைய அட்டைகளைக் கொட்டிக் காட்டினார். "குடுக்கறாங்க, வாங்கி வச்சிக்கிறேன். தலை சுத்தினா மட்டும் போட்டுக்குவேன்." ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தலை சுற்றினால் மட்டும் போடுவதா! மாத்திரை குப்பையானது ஒரு பக்கம். பெரியவரின் சிறுநீரகமும் மூளை நரம்பும் என்னாவது? தன்னார்வலர் வரும்போது மீதி அட்டைகளை மறைக்காமல் காட்டுங்கள். திட்டமாட்டார்கள். குறைகிற அளவுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிடாததற்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.

காலாவதி மருந்தைக் கிணற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ போடக் கூடாது. கிருமிக்கொல்லி மருந்து தண்ணீரில் கலந்தால், அங்கே இருக்கிற கிருமிகள் அதற்குப் பழகிப் போகும். நாளைக்கு உங்கள் குழந்தைக்கு அந்த மருந்து கேட்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநரிடம் ஒப்படையுங்கள். அதை வேறொருவருக்குத் தரமாட்டார்கள், மஞ்சள் பைக்குப் போகும்.

புதன்கிழமை

தடுப்பூசி நாளுக்கு நேரத்தில் வருவதும் குப்பையைக் குறைக்கும். தட்டம்மை–ரூபெல்லா மருந்தும் பி.சி.ஜி.யும் பொடியாக வரும். கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான். அதற்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். காலையில் ஒரு குழந்தைக்குத் திறந்தது மதியம் முடிந்துவிடும்; மாலையில் இன்னொரு தாய் வந்தால் இன்னொரு குப்பி. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கத்தான் வேண்டும், குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்களுக்குள்ள விதி. அதனால் தாமதமானால் வராமல் இருந்துவிடாதீர்கள். முடிந்தால் தெருவில் நான்கு தாய்மார் பேசி வைத்துக்கொண்டு காலையிலேயே சேர்ந்து வாருங்கள். போலியோ சொட்டு, பெண்டாவேலன்ட் போன்ற மருந்துகளை, குளிர்ப்பெட்டியில் ஒழுங்காக இருந்தால், திறந்த பிறகும் 28 நாள் வரை வைத்துப் போடலாம்.

ஏரி வாரியத்து ஊர்

உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஏரியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறையைப் படிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், ஏரியைக் கவனிப்பது மட்டுமே வேலை. வைரமேக தடாகம் என்று பேர் வைத்துக் காப்பாற்றிய தண்ணீர். இன்றைக்கு அதே மாதிரி ஏரிகளின் கரையில் மாத்திரை அட்டையும் சிரிஞ்சும் கிடக்கின்றன. மாடு மேய்க்கிற பிள்ளைகள் சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி விளையாடுவதை நானே பார்த்துப் பிடுங்கியிருக்கிறேன்.

பெரிய அளவிலும் நடக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகளை லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துச் சத்தம் போட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கொட்டியதை அள்ளிக்கொண்டு போக அங்கிருந்தே லாரியும் அதிகாரிகளும் வரவேண்டியதாயிற்று. ராத்திரியில் ஏரிப்பக்கம் தெரியாத வண்டி நின்றால் ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். மூட்டையை நீங்கள் பிரிக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது

இன்சுலின் போடுகிற வீட்டில் ஒரு தகர டப்பாவோ, கெட்டியான பிளாஸ்டிக் கேனோ எடுங்கள். பால் பவுடர் டப்பா போதும். மூடியில் ஒரு ஓட்டை போட்டு, வெளியே "ஊசி" என்று எழுதிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போட்ட ஊசியை மூடி மாட்டாமல் அப்படியே உள்ளே போடுங்கள்; திரும்ப மூடி மாட்டும்போதுதான் விரலில் குத்துகிறது. முக்கால் பங்கு நிறைந்ததும் ஓட்டையைப் பிளாஸ்திரியால் அடைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்பியுங்கள்.

நிரோத் உபயோகித்த பிறகு முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுற்றி, மக்காத குப்பையில் தனியாக வையுங்கள். கக்கூஸ் பீங்கானில் போட்டால் குழி அடைத்துக்கொள்ளும். வெளியே வீசினால் பிள்ளைகள் பலூன் ஊதுகிறார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் நடக்கிறதைத்தான் சொல்கிறேன். நாப்கினுக்கும் இதே காகிதச் சுற்றுத்தான். தூய்மைக் காவலரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுங்கள், அவர் கை போட்டுத் துழாவ வேண்டியிருக்காது.

"காப்பர் டி போட்டா குப்பையே இல்லையே மேடம்?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார். உண்மைதான்: காப்பர் டி 380ஏ ஒரு தடவை போட்டால் பத்து வருஷம் வரை நிற்கும். தினசரி மாத்திரையானால் வருஷத்துக்கு 13 அட்டை. ஆனாலும் எந்த முறை என்பதை உங்கள் உடம்பையும் இருவர் விருப்பத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். குப்பையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், பிதுக்காதீர்கள், சுண்ணாம்போ டெட்டாலோ தடவாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. பி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். போடாதவருக்குத்தான் ஆபத்து அதிகம். இரவில் யோசனை கேட்க 104-க்குப் பேசலாம்.

அந்தத் தூய்மைக் காவலர் இப்போதும் அதே தெருவில் வண்டி தள்ளுகிறார். தடித்த ரப்பர் கையுறை போட்டிருக்கிறார். பெரியவர் வீட்டு மருமகள் முதல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் நிலையத்தில் இருந்தேன். ஐந்து மாதத்தில் ஒரு டப்பா நிறைந்திருந்தது. "இவ்ளோ ஊசியா மேடம் அந்தக் கவர்ல போட்டேன்?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு காலி டப்பா இருக்கிறதா என்று விசாரித்தார்.